சம்பளமில்லாத சபர்



கடலோர ஊர் ஒன்றில், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்த உரையாடலிலிருந்து தொடங்குகிறோம். அவ்வீட்டுப் பெண் சென்னையில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாத ஆய்வுப் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. பயணத்திற்கு முன் எல்லோரிடமும் துஆ பெற்றுக்கொள்ளட்டும் என்றுதான் வாப்பா உறவினர்களை அழைத்திருந்தார். சாச்சா முறையுள்ள பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி இது: "சம்பளம் எவ்வளவும்மா?"

"சம்பளம் இல்லை சாச்சா. பயிற்சிதான். தங்குற செலவும் நம்மளுதுதான்."

"சம்பளம் இல்லாம ஒரு சபரா?"

திண்ணை முழுதும் சிரித்தது. அதன்பின் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விசா எத்தனை வருடத்திற்கு? முடித்தால் அங்கேயே வேலை போட்டுத் தருவார்களா? துபாயில் நம் கடைகளில் பெட்டி தூக்குகிறவர்களின் நாட்டில் நாம் கற்க என்ன இருக்கிறது? வயிற்றுப்போக்கைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? துணைக்கு மஹ்ரம் யார்? நாளை சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மஃக்ரிபுக்கு பாங்கு சொல்லும்போது எல்லோரும் எழுந்து பள்ளிக்குச் சென்றனர். அன்றிரவே அந்தப் பெண், வர இயலவில்லை என்று நிறுவனத்திற்குக் கடிதம் எழுதிவிட்டார்.

ஆறு மாதங்கள் கழித்து அவருக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை ஷார்ஜாவில் இருந்து வந்தவர். விடுமுறை முடிந்து அவர் முன்னே சென்றுவிட, விசா வந்ததும் மணப்பெண் தனியே விமானமேறிச் சென்றார். ஊரே வழியனுப்பியது. அன்று மஹ்ரம் யார் என்று எவரும் கேட்கவில்லை.

இதை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறோம். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். யாரையும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அந்தத் திண்ணையில் நாமும் இருந்தோம். நாமும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்ல வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது.

சபராளிகளின் சமுதாயம்

வெளிநாட்டுப் பயணம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் பர்மாவுக்கும் சிலோனுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். வாப்பாமார் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் விமானமேறினர். 'சபராளி' என்று அதற்கென ஒரு சொல்லே நம் ஊர்களில் உண்டு. அந்தச் சபராளிகளின் வியர்வையில்தான் நம் பள்ளிவாசல்களின் மினாராக்கள் எழுந்தன, நம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணங்கள் செலுத்தப்பட்டன. அந்த உழைப்பை இழித்துப் பேசும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொருள் தேடியே பயணம் செய்ததால், பயணம் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம். மாதம் முடிந்தால் பணம் வர வேண்டும். வராவிட்டால் அது வீண் பயணம். இந்த ஒற்றை அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஹதீஸ் கலை வளர்ந்த வரலாற்றை நாம் எப்படி விளங்கிக்கொள்ளப் போகிறோம்? ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியை, அதை நேரில் கேட்ட தோழரின் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்பதற்காக, ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாமுக்குச் சென்றார்கள். அங்கே அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்து அதைக் கேட்டறிந்தார்கள். அந்தப் பயணத்திற்குச் சம்பளம் எவ்வளவு? இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் புகாராவிலிருந்து மக்கா, பஸரா, கூஃபா, பக்தாத், எகிப்து என்று அலைந்தார்களே, அந்த நகரங்களில் விசா எத்தனை வருடத்திற்குக் கொடுத்தார்கள்?

சீனம் சென்றேனும் கல்வி கற்க வேண்டும் என்று மேடைதோறும் சொல்லப்படும் செய்தியை நாம் இங்கே ஆதாரமாகக் காட்டவில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் ஏற்கத்தக்கதன்று என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அது இல்லாமலேயே நம் வாதம் நிற்கும். அந்தச் செய்தியை மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுப் பிள்ளை டாக்காவுக்குப் போகக் கேட்டால் தடுப்பவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

டாக்காவில் கற்க என்ன இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்வோம். 1960இல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1978இல் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமாக விரிவடைந்த ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்னும் நிறுவனம் டாக்காவில் இருக்கிறது. மொஹாகாலிப் பகுதியில் உள்ள அதன் மருத்துவமனையை ஊர்மக்கள் இன்றும் காலரா மருத்துவமனை என்றே அழைக்கின்றனர். அங்குள்ள கட்டில்களின் நடுவில் ஒரு துளை இருக்கும். கீழே ஒரு வாளி. நோயாளியின் உடலிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று அளந்து, அவ்வளவு நீரைத் திரும்பக் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. மானத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் இடமன்று. உயிரைப் பார்த்து அளக்கும் இடம்.

கடுமையான காலரா கண்டவருக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால், பாதிப்பேர் வரை இறந்துபோகக்கூடும். நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினால் பிழைப்பார்கள். ஆனால் ஏழை நாடுகளின் கிராமங்களில் அதற்கு வழியில்லை. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்திருந்தால், காலரா தாக்கிய குடலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்ற உண்மையை வைத்து, நோயாளிக்கு வாய் வழியே கரைசல் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று 1968இல் டாக்காவில் நிறுவிக் காட்டினர். அதைச் செய்தவர்களில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்த இளம் மருத்துவர்கள். இருபதுகளின் நடுவயதில் இருந்தவர்கள். அவர்களோடு உழைத்த ரஃபீகுல் இஸ்லாமும் மஜீத் மொல்லாவும் அந்த மண்ணின் மைந்தர்கள். இன்று நம் மருந்துக்கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த உழைப்பின் வழியில் வந்ததுதான்.

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பன்கானில் இருந்த முகாமில் நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களே எடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமா? பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை, 1 கோடியே 20 லட்சத்திற்கும் அதிகமான வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை நேரில் அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மாரின் கையாலேயே கலக்கச் சொல்லிக் கொடுத்தனர். கற்ற தாய்க்கு எந்த அளவு நினைவிருக்கிறது என்று சில வாரங்கள் கழித்துச் சோதித்துப் பார்த்து, அதற்கேற்பவே பணியாளருக்குக் கூலி வழங்கினர்.

இந்த வரலாற்றில் நம் மாணவர்கள் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. தொடக்கத்தில் தாய்மார் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தனர். ஆனால் பிள்ளைக்குப் பேதி வந்தபோது பலர் அதைக் கலந்து கொடுக்கவில்லை. படிப்பறிவில்லாத பெண்கள் என்று பழியை அவர்கள்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டுப் போனார்கள். கற்பிக்கச் சென்ற பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை என்பதும் தெரியவந்தது. பணியாளர்களை டாக்கா மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கரைசல் குடித்துப் பிழைத்தவர்களைக் கண்ணால் காணச் செய்தனர். கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். அதன்பிறகே நிலைமை மாறியது.

இதுதான் பொதுச் சுகாதார ஆய்வு. நோயாளியைக் குற்றம் சொல்வதற்கு முன், தன் வேலையில் எங்கே குறை என்று தேடும் பணிவு அது. புத்தகத்தில் இதைப் படிக்கலாம். ஆனால் தான் எழுதிய வினாத்தாள் ஒரு குடிசையின் வாசலில் தோற்றுப்போவதைக் கண்ணால் கண்டவனுக்கே அது உறைக்கும். டாக்காவிலிருந்து 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மத்லப் வட்டாரத்தில், 1966 முதல் ஒவ்வொரு வீட்டின் பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் அங்கே கற்க வருகிறார்கள். ஐவேளை பாங்கு ஒலிக்கும், நோன்புப் பெருநாளன்று ஊரே புத்தாடை உடுத்தும் அந்த வயல்வெளிக்கு, நம் பிள்ளைகள் போவதற்கு நாம்தான் யோசிக்கிறோம். மேற்கு நாட்டுப் பல்கலைக்கழகப் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தத் திண்ணை சிரித்திருக்குமா? முஸ்லிம் நாடு ஒன்றை ஏளனமாகப் பார்க்கும் இந்தப் பார்வை எங்கிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமக்கு இது ஏன் தேவை?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார்கள். சமுதாயத்தில் சிலரேனும் செய்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். தம் காலத்து ஊர்களில் முஸ்லிம் மருத்துவர்கள் இல்லாதிருந்தும், மாணவர்கள் எல்லோரும் புகழும் பதவியும் தரும் துறைகளிலேயே போய்க் குவிவதை அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அந்தக் கண்டனம் நமக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. மருத்துவர்களை இன்று நாம் உருவாக்கிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். நோய் வந்தபின் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது. வருமுன் தடுக்கக் கற்றவர்கள், ஊரளவில் எண்ணிப் பார்த்து எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகள் வீடு வீடாகப் பரவின. நம் குழுக்களிலும் அவை சுற்றின. மறுத்து எழுத நம்மிடையே தகுதியோடு எத்தனை பேர் முன்வந்தார்கள்? வட இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து, பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் சதி என்ற வதந்தி உத்தரப் பிரதேச முஸ்லிம் குடியிருப்புகளில் பரவி, நம் குழந்தைகளே அதற்கு விலை கொடுத்தனர். ஆலிம்களும் உள்ளூர்ப் பெண் பணியாளர்களும் கைகோத்து வீடு வீடாகச் சென்ற பிறகே அந்த மறுப்பு கரைந்தது. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் எந்தக் குழந்தையும் முடமாகவில்லை. நம்பிக்கை உள்ள நாவும் அறிவுள்ள நாவும் ஒன்றாகப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2020ஐ மறந்துவிட்டோமா? டெல்லி தப்லீக் கூட்டத்தைக் காரணம் காட்டி, ஒரு நோயின் பழி முழுவதையும் ஒரு சமுதாயத்தின்மேல் சுமத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில், வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதாகவே கருதியது. ஆனால் அது தீர்ப்பு. பழி விழுந்த வாரங்களில் நமக்குத் தேவைப்பட்டது வேறு. ஒரு குழுவினரைத் தேடித்தேடிப் பரிசோதித்தால் அக்குழுவில்தான் அதிகத் தொற்று தெரியவரும், பரிசோதிக்காத இடத்தில் நோய் இல்லை என்று பொருளாகாது என்னும் நோய்ப்பரவலியல் பாலபாடத்தைத் தொலைக்காட்சியில் அமர்ந்து தமிழில் விளக்க நம்மில் ஒரு குரல் கேட்டதா? கொரோனாவில் இறந்தவர்களைச் சாதி மதம் பாராமல் நம் இளைஞர்கள் அடக்கமும் தகனமும் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. மையித்தைச் சுமக்கத் தோள்கள் இருந்த சமுதாயத்தில், கணக்கை எடுத்துச் சொல்ல ஆள் போதவில்லை.

பெண்களின் நிலையோ இன்னும் தீவிரமானது. பிரசவத்திற்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஆனால் நம் பெண்களின் இரத்தசோகையையும், கர்ப்பகால நீரிழிவையும், வெளியே சொல்லத் தயங்கும் கருப்பை வாய் நோய்களையும் வீட்டுக்குள் வந்து அமர்ந்து கேட்டறிய ஆண் ஆய்வாளரை அனுமதிப்போமா? மாட்டோம். அப்படியென்றால் அந்தப் பெண்ணை அனுப்பியிருக்க வேண்டியது நாம்தானே! வேண்டும் என்றும் சொல்கிறோம், உருவாக விடமாட்டோம் என்றும் சொல்கிறோம். இது நியாயமா?

டாக்காவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஃபிர்தௌஸி காதிரி என்னும் வங்காளதேச முஸ்லிம் பெண்மணி இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று நாடு திரும்பி, இதே ஐ.சி.டி.டி.ஆர்.பி.யில் பல்லாண்டு உழைத்தார். மலிவான வாய்வழிக் காலரா தடுப்பு மருந்து ஏழைகளைச் சென்றடைய அவருடைய ஆய்வுகள் பெரும் பங்காற்றின. 2021இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. அவர் சென்ற பயணத்தை ஒரு திண்ணைச் சிரிப்பு தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு?

சொல்லப்படும் தடைகள்

முதல் தடை மஹ்ரம். இதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் மஹ்ரமின்றிப் பயணம் செய்வது பற்றிய நபிமொழிகள் உறுதியானவை. பாதுகாப்பான வழியும் நம்பகமான பெண்களின் துணையும் இருக்கும்போது அதன் சட்டம் என்ன என்பதில் முற்காலத்திலும் இக்காலத்திலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளட்டும். நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: சட்டம் என்றால் அது ஷார்ஜா விமானத்திற்கும் டாக்கா விமானத்திற்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? கணவனிடம் போகும்போது காணாமல் போகிற சட்டம், கல்விக்குப் போகும்போது மட்டும் வந்து வாசலில் நிற்பது ஏன்? மார்க்கத்தைப் பேணுவதுதான் நோக்கம் என்றால், "போகாதே" என்பதற்கு முன் "உன் காக்கா கூட வந்து விட்டுவிட்டு வரட்டும், முடிந்ததும் வாப்பா வந்து அழைத்து வரட்டும்" என்ற சொல் அன்று ஒருவர் வாயிலிருந்தாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கே பேசியது மார்க்கமன்று, வழக்கம்.

இரண்டாவது தடை பணம். இரண்டு மாத டாக்கா பயிற்சிக்கு ஆகும் விமானக் கட்டணத்தையும் தங்குமிடச் செலவையும், நம் ஊர்த் திருமணம் ஒன்றில் மண்டபத்திற்கும் அலங்கார விளக்குக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவது, "இதெல்லாம் விதி, நோயைக் கொடுப்பவனும் அல்லாஹ், நீக்குபவனும் அல்லாஹ்" என்பது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடம்வரை சென்று, தோழர்களிடம் ஆலோசித்து, படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின்பாலே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், இருக்கும் ஊரில் அது பரவினால் தப்பித்து வெளியேறாதீர்கள் என்ற நபிகளாரின் கட்டளையை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அங்கே அறிவித்தார்கள். தடுப்பு முயற்சி இறைநம்பிக்கைக்கு எதிரானதென்றால் உமர் (ரலி) அவர்களைவிட நம்பிக்கையில் உயர்ந்துவிட்டோமா நாம்?

மாணவர்களிடம் ஒரு வார்த்தை

பெரியவர்களிடம் மட்டும் வழக்காடிவிட்டு நிறுத்தினால் நாம் நேர்மையாளர்கள் ஆகமாட்டோம். இன்டர்ன்ஷிப் என்ற சொல் இன்று விற்பனைச் சரக்காகவும் ஆகிவிட்டது. சில லட்சம் கொடுத்தால் ஏதோ ஒரு நாட்டில் நான்கு வாரம் தங்கவைத்து, சேரிக் குழந்தைகளோடு படம் எடுக்கவைத்து, முத்திரை குத்திய சான்றிதழ் தரும் தரகர்கள் பெருகிவிட்டனர். அது ஆய்வுமன்று, தொண்டுமன்று. போகுமுன் கேளுங்கள்: உங்களை வழிநடத்தப் போகும் ஆய்வாளர் யார்? ஆய்வுக் கேள்வி என்ன? அந்நாட்டின் நெறிமுறைக் குழு அந்த ஆய்வுக்கு ஒப்புதல் அளித்திருக்கிறதா? பயிற்சிக்கு உரிய விசா எது? சுற்றுலாப் பயணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வு செய்யப் போவது, முதல் அடியிலேயே பொய். இரு நாடுகளின் உறவு மாறும்போது விசா விதிகளும் பாதுகாப்பும் மாறும். அந்தந்தக் காலத்து நிலைமையைக் கல்லூரி வழியாக விசாரித்தே முடிவெடுங்கள்.

அங்கே போனபின் உங்கள் கையில் வருவது வெறும் தரவு அன்று, அமானிதம். தன் பிள்ளை எப்படி இறந்தது என்று ஒரு தாய் உங்களிடம் சொல்கிறாள். மருத்துவம் செய்வார்கள், உதவித்தொகை வரும் என்று எண்ணிக்கூட அவள் சொல்லியிருக்கலாம். எதற்காகக் கேட்கிறோம், பதில் சொல்ல மறுக்கலாம், மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையாது என்பதை அவள் மொழியில் சொல்லி ஒப்புதல் பெறாமல் எழுதும் ஒவ்வொரு வரியும் அவள் உரிமையில் கைவைப்பது. அவள் சொன்னதை அறையில் நண்பர்களிடம் கதையாகச் சொல்வது புறம்பேசுவதிலிருந்து எவ்வளவு தூரம்? வெயிலுக்குச் சோம்பி, போகாத வீட்டுக்குப் போனதாகப் படிவம் நிரப்புவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஓர் அறிவிப்பாளர் பொய்யர் என்று தெரிந்தால் அவர் அறிவித்தவற்றை ஒதுக்கித் தள்ளிய மரபு நம்முடையது. அந்த மரபின் பிள்ளை, தரவில் பொய் எழுதலாமா?

இன்னொன்று: திரும்பி வாருங்கள். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த நாட்டு விசாவுக்கு வரிசையில் நிற்பதற்காக உங்களுக்கு யாரும் துஆ செய்யவில்லை. 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. இங்கே துறையும் உண்டு, பணியும் உண்டு. நிரந்தரமாகத் திரும்ப இயலாதவர்கள்கூட, கற்றதில் ஒரு பங்கை ஊருக்குக் கொடுக்க முடியும்.

நாம் செய்ய வேண்டியது

ஜமாஅத்துகளிடம் கேட்பது பெரிதன்று. கல்வி உதவி என்று ஒதுக்கும் நிதியில், ஆண்டுக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ இத்தகைய ஆய்வுப் பயிற்சிக்கு அனுப்பும் அளவு ஒரு பகுதியைத் தனியே வையுங்கள். தேர்வுக் குழுவில் ஓர் ஆலிமும் ஒரு மருத்துவரும் படித்த பெண் ஒருவரும் இருக்கட்டும். பெண் பிள்ளையென்றால் உடன் சென்று வரும் வாப்பாவின் அல்லது சகோதரனின் பயணச் செலவையும் அதே நிதியில் சேருங்கள். அப்போது மஹ்ரம் என்பது தடையாக நிற்காமல் துணையாக மாறும். அதற்கு ஈடாக, திரும்பி வந்தவர் ஓராண்டு மஹல்லாவுக்கு உழைக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். நம் தெருவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய், எத்தனை பேர் மருந்தை இடையில் நிறுத்திவிட்டார்கள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி விடுபட்டது என்பதை ஒப்புதலோடும் இரகசியம் காத்தும் விசாரித்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைந்து செயல்படட்டும். சபரிலிருந்து வருபவர் பெட்டியில் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. இனி இதுவும் வரட்டும்.

அந்தப் பெண் இப்போது ஷார்ஜாவில் இரண்டு குழந்தைகளின் தாய். நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். படித்த படிப்பைப் பற்றிக் கேட்டோம். அண்மையில் அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பேதி வந்தபோது, கரைசல் கலக்கும் அளவை அதன் தாய்க்குச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். அந்தத் தாய் வங்காளதேசத்துக்காரராம். அவர் சிரித்தபடி, "எங்க உம்மா சின்ன வயசிலேயே சொல்லித் தந்துட்டாங்க" என்று விரல்களைக் குவித்து அந்தச் சிட்டிகை உப்பைக் காட்டினாராம்.

பெட்டி தூக்குகிறவர்களின் நாட்டில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்ட நம் திண்ணைக்கு, இந்தப் பதில் சேரட்டும். அடுத்த முறை ஒரு பிள்ளை இப்படி ஒரு கடிதத்தோடு வந்து நின்றால், சம்பளத்தைக் கேட்கும் முன் என்ன கற்கப் போகிறாய் என்று கேட்போம். நாம் அன்று வாய் மூடியிருந்ததை வல்ல நாயன் மன்னித்து, பயன்தரும் கல்வியை நம் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் வழங்கி, அதைத் தேடிச் செல்லும் பாதைகளை எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.